கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க

வீடியோ எடிட்டிங்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தார்கள். திரையை இரண்டாகப் பிரிக்கத் தெரிகிறது, பிரித்த பிறகு மாற்றத் தெரியவில்லை. அதனால் இந்தப் பகுதி முழுக்க ஸ்பிளிட் ஸ்கிரீன்தான். கலர் கரெக்‌ஷன் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த முறை வரை பொறுக்கவும்.

அண்ணே, பிரீமியர் புரோ என்கிற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறேன். பொண்ணு வீட்டில் அலங்காரம் நடப்பதையும் மாப்பிள்ளை அழைப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 14 ஷாட் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கிராப் (ஓரத்தை வெட்டுவது), பொசிஷன் (படம் நிற்கும் இடம்), நடுவில் வெள்ளைக் கோடு. பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பக்கம் பெரிசா வேணும், கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்கிறார்கள். 14 ஷாட்டையும் மறுபடி தொட வேண்டுமா?
(கல்யாண வீடியோ எடிட்டர், திண்டுக்கல்)

இந்தத் தடவை தொட வேண்டியதுதான் தம்பி. அடுத்த தடவை தொடாமல் இருக்க வழி சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருப்பது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் கணக்கு. 1920 பிக்சல் அகலத் திரையில் ஆளுக்கு 960. இரண்டு வீடியோவையும் இருபுறமும் 25 சதவீதம் கிராப் செய்து, ஒன்றை 480-இலும் இன்னொன்றை 1440-இலும் நிறுத்தினால் கச்சிதமாக உட்காரும். கணக்கில் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கே கோடு என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு வீடியோக்களின் ஓரங்கள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அந்த முட்டலின் மேல் நீங்கள் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டியிருக்கிறீர்கள். அதை 100 பிக்சல் நகர்த்த இந்தப் பக்கத்து கிராப், அந்தப் பக்கத்து கிராப், இரண்டு பொசிஷன், பட்டையின் பொசிஷன் என்று ஐந்து எண்ணைத் தொட வேண்டும். 14 ஷாட்டுக்கு எழுபது. நானும் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு இதே எழுபதை மாற்றியிருக்கிறேன், காலையில் பார்ட்டி வந்து "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்றார்.

முதல் திருத்தம்: இரண்டையும் வெட்டாதீர்கள், மேலே இருப்பதை மட்டும் வெட்டுங்கள். இடது பக்க வீடியோ முழுசாகக் கீழ் டிராக்கில் (வீடியோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வரிசை) கிடக்கட்டும். வலது பக்க வீடியோவை அதற்கு மேல் வைத்து, கிராப் எஃபெக்டில் லெஃப்ட் 50 கொடுங்கள். அவ்வளவுதான், திரை பிரிந்துவிட்டது. 50-ஐ 60 ஆக்கினால் இடது பக்கம் பெரிதாகும், 40 ஆக்கினால் சிறிதாகும். ஐந்து எண் இருந்த இடத்தில் ஒரே எண்.

ஆனால் இப்போது ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள். நடுவில் எடுத்த ஆள் கோட்டின் மேலேயே நிற்பார். கீழ் வீடியோவை 480 பிக்சல் இடப்பக்கம் தள்ளிவிடலாம், பிரச்சினை இல்லை. மேல் வீடியோவை அதே மாதிரி மோஷனில் (ஒவ்வொரு கிளிப்போடும் வரும் இடம், அளவு அமைப்பு) தள்ளினால் கிராப் செய்த ஓரமும் கூடவே போய்விடும், ஏனென்றால் பிரீமியர் மற்ற எஃபெக்ட்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் மோஷனைப் பார்க்கும். அதற்கு டிஸ்டார்ட் பிரிவில் டிரான்ஸ்ஃபார்ம் என்று தனி எஃபெக்ட் இருக்கிறது. அதைக் கிராப்புக்கு மேலே வைத்து, அதன் பொசிஷனை 1440 ஆக்குங்கள். எஃபெக்ட்கள் மேலிருந்து கீழாக நடக்கும் என்பதால் முதலில் படம் நகரும், அப்புறம் வெட்டு விழும். இந்த வரிசை தலைகீழானால் எதுவும் சரியாக வராது. இப்படி வைத்தால் கோடு 25-இலிருந்து 75 வரை எங்கே போனாலும் காலியிடம் தெரியாது. கல்யாண வீட்டில் அதற்கு மேல் யாரும் தள்ளச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புவோம்.

இனி அந்த 14 ஷாட். ஒவ்வொன்றிலும் ஒரு கிராப் என்றாலும் 14 எண் இருக்கிறதே. அதற்கு வெட்டும் வேலையை வீடியோவிடமிருந்து பிடுங்கி ஒரு வெள்ளைக் கட்டத்திடம் கொடுத்துவிட வேண்டும். நான்கு டிராக் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டிராக்கில் இடது ஷாட்கள். இரண்டாவதில் முழுத்திரை வெள்ளைக் கலர் மேட் (மேட் என்றால் படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் அச்சு; பெயரில் மேட் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இது சும்மா ஒரு வெள்ளைத் தாள்). மூன்றாவதில் வலது ஷாட்கள் எல்லாம், ஒரே நெஸ்ட்டாக (பல கிளிப்பை ஒரே கிளிப் மாதிரிக் கட்டி வைப்பது). நான்காவதில் ஒரு வெள்ளைச் செவ்வகம், அதன் இடது ஓரம் திரையின் நடுவில் இருக்க வேண்டும். வலப்பக்கமும் மேலும் கீழும் சட்டத்தைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் நகர்த்தும்போது மறு ஓரம் உள்ளே எட்டிப் பார்க்கும். இப்போது மூன்றாவது டிராக்கிலிருக்கும் நெஸ்ட்டுக்கு டிராக் மேட் கீ எஃபெக்டைப் போட்டு, மேட் என்ற இடத்தில் வீடியோ 4 என்று காட்டுங்கள். செவ்வகம் இருக்கும் இடத்தில் மட்டும் வலது வீடியோ தெரியும், செவ்வகம் தானாக மறைந்துவிடும். அதை ஒரு தடவை இழுத்தால் 14 ஷாட்டிலும் கோடு நகரும்.

வெள்ளைப் பட்டைக்கு ஒரு சின்னத் தந்திரம். இரண்டாவது டிராக்கிலிருக்கும் வெள்ளைத் தாளுக்கும் அதே டிராக் மேட் கீ, அதே வீடியோ 4. பிறகு அந்தத் தாளின் மோஷன் பொசிஷனை 960-இலிருந்து 954 ஆக்குங்கள். மேலே சொன்னேனே, மோஷன் கடைசியில்தான் நடக்கும் என்று, முதலில் நம்மைப் படுத்திய அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. தாள் வெட்டுப்பட்ட பிறகு 6 பிக்சல் இடப்பக்கம் நகரும், மீதியை வலது வீடியோ மூடிவிடும், 6 பிக்சல் மட்டும் கோடாக எட்டிப் பார்க்கும். செவ்வகம் எங்கே போனாலும் அந்தப் பட்டை கூடவே போகும். செவ்வகத்தைச் சாய்த்தால் பட்டையும் சாயும். செவ்வகத்தின் ஆங்கர் பாயின்ட்டை (எதைச் சுற்றிச் சுழலுமோ அந்தப் புள்ளி) இடது ஓரத்தின் நடுவில் வைத்துவிட்டால் சாய்க்கும்போது கோடு அங்கே இங்கே ஓடாது.

4கே ஃபுட்டேஜை 1080 டைம்லைனில் போட்டு ஸ்கேலைக் குறைத்து வைத்திருப்பவர்கள் நெஸ்ட் செய்யாமல் இதைச் செய்தால் மேட்டும் சேர்ந்து சுருங்கிப்போகும். முதலில் நெஸ்ட், அப்புறம் மேட்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஸ்பிளிட் ஸ்கிரீன் என்று தேடினால் எல்லோரும் ஸ்லைடர், எக்ஸ்பிரஷன் (எண்ணைக் கணக்கிட எழுதும் சிறு வரி) என்கிறார்கள். எனக்குக் கணக்கு என்றாலே அலர்ஜி. எக்ஸ்பிரஷன் எழுதாமல் முடியாதா சார்?
(மோஷன் கிராஃபிக்ஸ் கற்றுக்கொள்பவர், கோவை)

இரண்டு பாகம்தான் என்றால் எக்ஸ்பிரஷன் வேண்டவே வேண்டாம். ஒரு நல் ஆப்ஜெக்டை (கண்ணுக்குத் தெரியாத வெற்று லேயர்) நடுவில் போடுங்கள், பெயர் "கோடு" என்று வையுங்கள். மேலே சொன்ன மாதிரி பெரிய செவ்வகம் ஒன்று, மெல்லிய பட்டை ஒன்று, இரண்டையும் அந்த நல்லுக்குப் பேரன்ட் செய்துவிடுங்கள், அதாவது நல் போகும் இடத்துக்கு இவையும் போகும்படி கட்டிவிடுங்கள். செவ்வகத்தை மேல் வீடியோவுக்கு ஆல்ஃபா மேட்டாகக் கொடுங்கள். முடிந்தது. நல்லை நகர்த்தினால் கோடு நகரும், சுழற்றினால் சாயும், கீஃப்ரேம் (எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) எல்லாம் அந்த ஒரே லேயரில். 2023 பதிப்பிலிருந்து எந்த லேயரையும் மேட்டாகக் காட்டலாம், ஒரே மேட்டை எத்தனை லேயருக்கும் பகிரலாம். பழைய பதிப்பு வைத்திருந்தால் மேட் லேயர் வீடியோ லேயருக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

நிறையப் பேர் லீனியர் வைப் எஃபெக்டை (படத்தை ஒரு நேர்க்கோடு வரை அழிப்பது) எடுத்து அதன் கம்ப்ளீஷன் எண்ணை ஸ்லைடரோடு இணைக்கச் சொல்வார்கள். நேர்க்கோட்டுக்கு அது அருமை. 90 டிகிரியில் வைத்தால் இடமிருந்து வலமாக அழிக்கும், 50 என்றால் சரியாக நடு, 30 என்றால் திரை அகலத்தில் 30 சதவீதம். சாய்ந்த கோட்டுக்குப் போனால்தான் வம்பு. சாய்த்தவுடன் அந்த 0 முதல் 100 வரை என்பது மூலைக்கு மூலை அளக்கப்படும். 50-இல் கோடு நடுவில் நிற்கும், ஆனால் 30-இல் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. வெள்ளைப் பட்டை ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். நாள் முழுக்க உட்கார்ந்து எங்கே தப்பு என்று தேடுவீர்கள்.

ஸ்லைடர் எப்போது தேவை? நாலு கட்டம், ஒன்பது கட்டம் என்று போகும்போது. செங்குத்துக் கோடு ஒன்று, படுக்கைக் கோடு ஒன்று, நடுவில் இடைவெளி, மூலைகள் வளைவு. கோட்டை நகர்த்தினால் நாலு கட்டத்தின் அகலமும் உயரமும் மாற வேண்டும். அப்போது கட்டங்களின் அளவைக் கோட்டிடம் கேட்டு வாங்க வைக்க வேண்டும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. கோடு இருக்கும் இடத்திலிருந்து இடைவெளியில் பாதியைக் கழித்தால் இடது கட்டத்தின் அகலம். மொத்த அகலத்திலிருந்து கோடு இருக்கும் இடத்தையும், இடைவெளியில் இன்னொரு பாதியையும் கழித்தால் வலது கட்டத்தின் அகலம். பத்தாம் வகுப்புக்குக் கூடப் போக வேண்டாம், மூன்றாம் வகுப்பு போதும். பிக் விப் என்கிற சுருள் குறியை இழுத்து ஸ்லைடர் மேல் விட்டால் பாதி வரியை மென்பொருளே எழுதிவிடும், நீங்கள் கழித்தல் குறியைப் போட்டால் போதும். பிறகு அந்த ஸ்லைடர்களை எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பலகையில் இழுத்துப் போட்டு டெம்ப்ளேட்டாக ஏற்றுமதி செய்தால், பிரீமியரில் இருப்பவருக்கு இடைவெளி, கோடு, வளைவு என்று மூன்று பொத்தான் மட்டும் தெரியும். உள்ளே எத்தனை குடைச்சல் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

வணக்கம் சேர். தங்கையின் நடன அரங்கேற்றத்தை இரண்டு கமராக்களில் எடுத்தோம். ஒன்றில் முழு மேடை, மற்றதில் முகம். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட ஆசை. பாதியாகப் பிரித்தால் கை நீட்டும்போது விரல்கள் வெட்டுப்படுகின்றன. அத்தோடு இரண்டு படத்துக்கும் இடையில் தாளம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது, போகப் போகக் கூடுகிறது.
(பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி தங்கச்சி, ஸ்பிளிட் ஸ்கிரீன் உண்மையிலேயே பிரயோசனப்படும் இடம் இது.

பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 960-க்கு 1080, கிட்டத்தட்டச் சதுரம், சொல்லப்போனால் உயரம் கொஞ்சம் அதிகம். அரைமண்டியில் (முழங்காலை மடக்கி நிற்கும் நிலை) இருந்து நாட்டியாரம்பமாகக் கையை விரிக்கும்போது உடம்பின் அகலம் உயரத்தை எட்டிப்பிடித்துவிடும். அந்த உருவத்தைச் சதுரத்துக்குள் அடைத்தால் விரல் வெட்டுப்படும், இல்லை என்றால் ஆளைக் குட்டியாக்க வேண்டும். எனவே பாதி என்பதை மறந்துவிடுங்கள். மேடைக்கு 70, முகத்துக்கு 30. அதாவது 1344 பிக்சல் மேடைக்கு, 576 முகத்துக்கு. 576-க்கு 1080 என்பது கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்த வடிவத்துக்கு மிகக் கிட்ட, முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

அதோடு நிறுத்தவும் வேண்டாம். வர்ணம் என்கிற உருப்படியில் ஜதியும் (தாளச் சொற்கட்டு) சாகித்தியமும் (பாடல் வரி) மாறி மாறி வருகிறது அல்லவா? ஜதி ஓடும்போது கோட்டை முழுக்க வலப்பக்கம் தள்ளி முகத்தை வெளியே அனுப்பிவிடுங்கள், அங்கே காலும் அடவும்தான் முக்கியம். சாகித்திய வரி வரும்போது கோடு உள்ளே வரட்டும், அபிநயம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் 50 வரை கூட வரலாம். தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் கோவை) முடிகிற கடைசித் தட்டில் கோட்டின் நகர்வை ஆரம்பித்து 12 முதல் 15 ஃபிரேமுக்குள் முடித்துவிடுங்கள், இரண்டு முனையிலும் ஈஸ் (மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பது) வைத்து. கோடு நகரும்போது உள்ளே இருக்கும் ஷாட்டை மாற்றாதீர்கள், கண் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறும். அடிக்கடி நகர்த்தினாலும் பார்ப்பவர்கள் நாட்டியத்தை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஒரு வர்ணத்துக்கு ஆறேழு நகர்வு தாராளம். முகம் இருக்கும் பக்கத்தையும் கவனியுங்கள். வலப்பக்கம் வைத்த முகம் பெரும்பாலும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் சட்டத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அப்படியானால் பக்கத்தை மாற்றிவிடுங்கள்.

தாளத்துக்கு வருவோம். இதில் இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கிறது. முன்பின்னாக இருப்பது ஒன்று, போகப் போகக் கூடுவது இன்னொன்று.

இரண்டு கமராவில் ஒன்று கைத்தொலைபேசி என்றால், கூடிக்கொண்டே போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பல தொலைபேசிகள் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகம் கூடிக் குறையும். எடிட்டிங்குக்கு முன்னால் அந்தக் கோப்பை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மெல்ல விலகினால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். முழு நிகழ்ச்சியையும் ஒரே தடவையில் இணைக்காமல் புஷ்பாஞ்சலி, ஜதீஸ்வரம், வர்ணம் என்று உருப்படிக்கு உருப்படி வெட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் புதிதாக இணைத்துவிடுங்கள்.

முன்பின்னாக இருப்பதற்குக் காரணம் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், தூரம். நீங்கள் இரண்டு கமராவையும் அவற்றின் ஒலி அலையை வைத்துத்தானே இணைத்திருப்பீர்கள்? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். நொடிக்கு 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி நொடி, அதற்குள் ஒலி போகும் தூரம் 13 மீட்டர் சொச்சம். முகம் எடுத்த கமரா மேடையோரம் இருந்து, மற்றது மண்டபத்தின் பின்னால் 27 மீட்டர் தள்ளி இருந்தால், அதற்குத் தட்டுச் சத்தம் இரண்டு ஃபிரேம் பிந்தித்தான் கேட்டிருக்கும். ஒலியைப் பொருத்தினால் படம் இரண்டு ஃபிரேம் விலகும். கமரா மாற்றி மாற்றிக் காட்டும்போது இது யார் கண்ணிலும் படாது. பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தலை திரும்பும் கணம் காட்டிக்கொடுத்துவிடும். ஒலியை வைத்து இணைத்த பிறகு, தலையை வெடுக்கென்று திருப்பும் ஓர் இடத்தைப் பார்த்து ஒன்றிரண்டு ஃபிரேம் கையால் நகர்த்துங்கள். ஒலியை மேடையோரக் கமராவிலிருந்து மட்டும் எடுங்கள்.

சந்தா கட்ட வசதியில்லை. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் இதெல்லாம் வருமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

வரும், தாராளமாக. எடிட் பக்கத்தில் மேல் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டரில் கிராப்பிங் பகுதிக்குப் போனால் இடது, வலது, மேல், கீழ், மென்மை என்று ஸ்லைடர்கள் இருக்கின்றன. திண்டுக்கல்காரருக்குச் சொன்ன "மேலே இருப்பதை மட்டும் வெட்டு" வித்தை அப்படியே செல்லும். பல கட்டங்கள் வேண்டுமானால் எஃபெக்ட் பட்டியலில் வீடியோ கொலாஜ் என்று தேடுங்கள். வரிசை எத்தனை, இடைவெளி எவ்வளவு, மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்பதெல்லாம் எண்களாகவே இருக்கும்.

சாய்ந்த கோட்டுக்கு கிராப் உதவாது. மேல் கிளிப்பை வைத்துக்கொண்டு ஃபியூஷன் பக்கத்துக்குப் போங்கள். ஒரு பேக்ரவுண்ட் நோட் (ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) போட்டு அதன் ஆல்ஃபாவை (ஒளிபுகாத் தன்மை) பூஜ்யமாக்குங்கள், அதன் மேல் உங்கள் கிளிப்பை மெர்ஜ் செய்யுங்கள், அந்த மெர்ஜுக்கு ஒரு பாலிகன் மாஸ்க் கொடுங்கள். நாலு புள்ளி போதும், மூன்று பக்கமும் சட்டத்துக்கு வெளியே போகட்டும், ஒரு பக்கம் மட்டும் உள்ளே சாய்வாக. மாஸ்க்கின் சென்டர் எக்ஸ் எண்தான் உங்கள் கோடு. ஃபியூஷனில் அளவு பிக்சலில் இல்லை, திரையின் முழு அகலமும் 0-இலிருந்து 1 வரை, நடு என்றால் 0.5. முதல் நாள் எரிச்சலாக இருக்கும். பிறகு 1080-க்குச் செய்ததை 4கே-க்கு மாற்றும்போது ஒரு எண்ணைக்கூடத் தொட வேண்டியிருக்காது, அப்போது புரியும்.

இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்டி வரை, அதாவது 3840-க்கு 2160 வரை வெளியே எடுக்கும். கல்லூரிக் குறும்படத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

ஐயா, நான் கைப்பேசியில் கேப்கட் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். சமையல் காணொளி, மேலே நான், கீழே அடுப்பு. கோட்டை வைத்த பிறகு அடுப்பைச் சற்று நகர்த்தினால் கோடும் சேர்ந்து போகிறது. என்ன செய்வது?
(இல்லத்தரசி, கிள்ளான், மலேசியா)

வரிசைதான் அம்மா காரணம். இன்னொன்றின் மேல் அடுக்காக வைத்த காணொளிக்கு (உங்களுக்கு அது அடுப்பு) மாஸ்க், அதாவது ஒரு பகுதியை மறைக்கும் வெட்டு, போட்டால் அது அந்தக் காணொளியோடு ஒட்டிக்கொள்ளும், காணொளி நகர்ந்தால் அதுவும் நகரும். முதலில் அடுப்பை எந்த இடத்தில், எந்த அளவில் வேண்டுமோ அங்கே வைத்துவிடுங்கள், கடைசியில் நேர்க்கோட்டு மாஸ்க்கைப் போடுங்கள். ஒரு விரலால் கோட்டை இழுக்கலாம், இரண்டு விரலால் சாய்க்கலாம். இடையில் அடுப்பை நகர்த்த வேண்டி வந்தால், நகர்த்திவிட்டு மாஸ்க்கைத் திறந்து கோட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுங்கள்.

எடுக்கும்போதே ஒன்றைக் கவனித்தால் பாதி வேலை குறையும். நிமிர்ந்த திரை 1080-க்கு 1920, அதில் பாதி 1080-க்கு 960. படுக்கையாக எடுத்த காணொளியை அதில் நிரப்பினால் அகலத்தில் நூற்றுக்கு 37 பங்கு வெட்டுப்படும், வாணலியின் கைப்பிடி முதலில் போகும். நிமிர்த்தி எடுத்தால் உயரத்தில் சரிபாதிதான் தெரியும். ஆக எப்படி எடுத்தாலும் வாணலியைச் சட்டத்தின் நடுவில் வைத்துச் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். எழுத்துகளைக் கோட்டின் மேலேயே போடுங்கள், திரையின் அடிப்பகுதியை ரீல்ஸ் செயலிகள் தங்கள் பொத்தான்களுக்கு எடுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லா நேரமும் பாதிக்குப் பாதி வேண்டாம். தாளிக்கும்போது அடுப்புக்கு முக்கால் திரை கொடுங்கள், கடுகு வெடிப்பதைத்தான் பார்க்க வருகிறார்கள்.

நாலு வீடியோவை ஒன்றாக வைத்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது. ரேம் போட வேண்டுமா?
(திருச்சி)

அதற்கு முன்னால் புராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் எடுக்கும் சிறிய நகல் கோப்பு) போட்டுப் பாருங்கள். நாலு கட்டம் என்றால் ஒவ்வொரு நொடியும் நாலு கோப்பைப் பிரித்துப் படிக்க வேண்டும், அதுவும் மொபைலில் எடுத்த எச் 265 (இறுக்கிச் சுருக்கிய வீடியோ வடிவம்) என்றால் கேட்கவே வேண்டாம். கால் பங்கு அளவில் புராக்ஸி உண்டாக்கி எடிட் செய்து, கடைசியில் அசல் கோப்பில் ரெண்டர் செய்யுங்கள். பிரிவியூ தரத்தையும் பாதியாகக் குறையுங்கள்.

நடுக்கோடு யூடியூபில் ஏற்றிய பிறகு மினுமினுக்கிறது.
(வேலூர்)

ஒரு பிக்சல் கோடு போட்டிருப்பீர்கள். நகரும்போது அது இரண்டு பிக்சலுக்கு நடுவில் மாட்டி மங்கும், கம்பிரஷன் மீதியைத் தின்றுவிடும். 1080-இல் 4 முதல் 8 பிக்சல் வரை, இரட்டைப்படை எண்ணாக வையுங்கள். அல்லது கோடே வேண்டாம். இரண்டு படத்தின் வெளிச்சமும் நன்றாக வேறுபட்டால் கோடில்லாமல் இன்னும் அழகு.

தம்பி, நான் எடிட்டர் இல்லை, சினிமா ரசிகன். எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஒரே ஆளை எப்படி இரண்டு பேராகக் காட்டினார்கள்? நீங்கள் சொல்லும் ஸ்பிளிட் ஸ்கிரீன்தானா அதுவும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

வணக்கம் ஐயா. இரட்டை வேடத்துக்கு அந்தக் கால ஸ்டூடியோக்களின் வழக்கமான வழி மாஸ்க் ஷாட், அதுவும் ஸ்பிளிட் ஸ்கிரீனின் அண்ணன்தான். கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகரை மறுபாதியில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு ஃபிலிமை அதே இடத்துக்குப் பின்னால் சுற்றி, அட்டையை அந்தப் பக்கம் மாற்றி, நடிகரை வேறு உடையில் இந்தப் பக்கம் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். ஃபிலிம் ஒன்று, பதிவு இரண்டு. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை மறைந்துவிடும், கேமரா இம்மியளவு அசைந்தால் சுவர் உடைந்து தெரியும், வெளிச்சம் மாறினால் ஒரு பாதி பகல், ஒரு பாதி சாயங்காலம். அதனால் கோடு விழும் இடத்தில் ஒரு தூணோ கதவின் ஓரமோ திரைச்சீலையோ இருக்கும்படி செட்டை அமைப்பது வழக்கம். பழைய இரட்டை வேடப் படம் எதையாவது போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

திரையை வெளிப்படையாகவே பிரிப்பது நீங்கள் சொன்ன படத்தைவிடப் பழசு. 1913-இல் லோயிஸ் வெபரும் பிலிப்ஸ் ஸ்மாலியும் எடுத்த ஓர் அமெரிக்கக் குறும்படத்தில் தொலைபேசியில் பேசும் மனைவி, மறுமுனையில் கணவன், வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் அந்நியன் என்று மூவரையும் மூன்று முக்கோணங்களில் ஒரே நேரத்தில் காட்டினார்கள். சாய்ந்த கோடுதான், நல் ஆப்ஜெக்ட் இல்லாமலேயே.

உங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம் ஐயா, பேரப்பிள்ளைகள் இருந்தால் இன்னும் வேடிக்கை. போனை ஸ்டாண்டில் வைத்து, திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசுங்கள், பதிவை நிறுத்தாமலேயே எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வலது ஓரத்தில் உட்கார்ந்து பதில் பேசுங்கள். பேரனிடம் கொடுத்தால் அந்தப் பதிவை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே இருப்பதைப் பாதியில் வெட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்கித் தருவான். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், நாட்காட்டித் தாள் ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜன்னலையும் சாத்திவிட்டு டியூப்லைட்டில் எடுப்பது நல்லது, சட்டை மாற்றி வருவதற்குள் ஒரு மேகம் வந்துவிடும்.